தொண்டர் பீரங்கிப் படையும் துறைமுகக் காவலும்

(திருவொற்றியூர் வட்டாரத்துக் கூட்டுறவு சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய சொற்பொழிவு)



இராயபுரத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியாகக் கோட்டையை நோக்கித் தெற்கே செல்பவர்கள் "கிளைவ் பேட்டரி" என்னும் இடத்தைக் கடந்தே செல்ல வேண்டும். பஸ் நிறுத்தத்தின் பெயராக அது நாள்தோறும் பலருடைய வாயில் வழங்கி வருகிறது. "பேட்டரி" என்றவுடன் கைவிளக்கில் இடும் பொருளே பலருக்கும் நினைவு வரும். அவ்விடத்தில் அதற்கு அப்பொருளன்று. ஒரே தலைவனின் கட்டளைக்குட்பட்டு ஒருசேரச் சுடும் பீரங்கிகளின் தொகுதிக்கும், அவை நிறுத்தப்பெற்ற மேடைக்கும் பேட்டரி என்று பெயர். பீரங்கிகள் போய்விட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அதுபோலவே எண்ணூர், திருவொற்றியூர்க் கிராமங்களின் ஓரமாக ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயை அறியாதார் இப்பகுதியில் இல்லை. 1875 முதல் 1880 வரையில் சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அது. தாது வருஷத்துப் பெரும் பஞ்சத்தின்போது, கூழுக்கு வழியின்றி வந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அந்தக் கவர்னரின் பட்டப்பெயரை ஏற்ற மற்றொரு ஸ்தாபனமும் சென்னையில் இருந்தது. அதுதான் 1879-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சென்னைத் தொண்டர் பீரங்கிப் படை. "டியூக்ஸ் ஓன்", அதாவது பிரபுவுக்கே உரிய படை என்று அது அழைக்கப்பட்டது. கால்வாய் இன்றும் இருக்கிறது. அந்தப் படை இல்லை. ஆயினும் அதன் வரலாற்றில் கூட்டுறவு சங்கத்தார் அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

படை பிறந்த விதம்

1746-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கடல் வழியாக வந்து சென்னையைப் பிடித்தார்கள். 1749-இல்தான் ஆங்கிலேயர் அதைத் திரும்பப் பெற்றார்கள். கடலிலிருந்து வரும் அபாயத்துக்குப் பீரங்கியே முதற் காவல் என்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அப்போது நன்கு உணர்ந்தார்கள். 1748-இல் ஒவ்வொரு ராஜதானியிலும் நிரந்தரமான பீரங்கிக் கம்பெனி ஒன்று அமைக்க உத்தரவாயிற்று. காலப்போக்கில் பரங்கிமலை சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாயிற்று.

1857-ஆம் ஆண்டுப் பெருங் கிளர்ச்சிக்குப் பிறகு நிலைமை மாறியது. கம்பெனியின் ஐரோப்பியப் பீரங்கிப் படைகள் பிரிட்டிஷ் அரச பீரங்கிப் படையில் சேர்க்கப்பட்டன. மலைப் பிரதேசங்களில் உபயோகிக்கும் சிறு பீரங்கிகளும் வேறு சில படைகளும் நீங்கலாக, பீரங்கி இந்தியச் சிப்பாய்களின் கைக்கு எட்டாதபடி செய்யப்பட்டது. துப்பாக்கி கொடுக்கலாம், பீரங்கி கொடுக்கலாகாது என்பது அக்காலத்து ராஜதந்திரம்.

ஆனால் எல்லாத் துறைமுகங்களிலும் எப்போதும் வெள்ளைப் பட்டாளத்தையே நிறுத்தி வைப்பதற்குப் பணமும் போதாது, ஆளும் போதாது. ஆகவே, ஊரில் வேறு தொழில் செய்து பிழைப்பவர்களுக்கே ஓய்வு நேரத்தில் பயிற்சி அளித்து, அபாய காலத்தில் அழைத்துக்கொள்ளும் முறை வளர்ந்தது. இதுவே தொண்டர் படை முறை. கலகம் நடந்த அதே 1857-இல் சென்னையில் தொண்டர் காலாட்படை ஒன்று ஏற்பட்டது. இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பின் தொண்டர் பீரங்கிப் படை தோன்றியது.

அமைப்பும் வேலை முறையும்

தொண்டர் படையில் சேர்ந்தவர் பட்டாளத்தில் குடியிருப்பதில்லை. பகலில் வியாபாரக் கம்பெனியிலோ, ரயில்வேயிலோ, சர்க்கார் ஆபீஸிலோ தம் வேலையைப் பார்ப்பார். குறிப்பிட்ட நாட்களில் அணிவகுப்புக்கு வருவார். வருஷத்திற்கு ஒருமுறை முகாமுக்குச் செல்வார். ஆயுதமும் மருந்தும் சர்க்கார் கொடுப்பார்கள். அதோடு தலைக்கு இவ்வளவு என்று ஒரு மானியத் தொகையும் படைக்குக் கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அந்த மானியம், ஜாபிதாவில் பெயர் பதிந்த எல்லோருக்கும் கொடுக்கப்படவில்லை. விதித்த அணிவகுப்புகளை முடித்து, பரீட்சையில் தேறி, "தகுதி பெற்றவர்" என்று குறிக்கப்பட்டவர்களுக்கே கொடுக்கப்பட்டது. நூறு பேர் பெயர் கொடுத்து அறுபது பேர் மட்டும் பழகினால், அறுபது பேருக்கே பணம். பெயர் வேறு, பலம் வேறு என்பதைக் கணக்கிலேயே காட்டிவிட்ட ஏற்பாடு அது.

பீரங்கி வேலை ஒருவரால் ஆகக்கூடியதன்று. துப்பாக்கிக்காரன் தன் கண்ணால் பார்த்துத் தன் கையால் சுடுகிறான். பீரங்கியிலோ காண்பவர் ஒருவர், கணக்கிடுபவர் ஒருவர், சுடுபவர் வேறொருவர். கடற்கரைப் பீரங்கியில் உயரமான ஓரிடத்தில் கருவியோடு ஒருவர் அமர்ந்து, கப்பல் எத்தனை கஜ தூரத்தில் எத்திசையில் செல்கிறது என்று அளந்து சொல்வார். கட்டளை இடத்தில் இருப்பவர் அதைக் கொண்டு பீரங்கியின் வாயை எவ்வளவு உயர்த்த வேண்டும், எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணக்கிடுவார். பீரங்கியண்டை ஒருவர் அந்த அளவுக்குக் குழாயைத் திருப்ப, மற்றொருவர் குண்டை இட, வேறொருவர் மருந்தை இடுவார். மருந்துக் கிடங்கிலிருந்து எடுத்துத் தருபவர்கள் பின்னால் வரிசையாக நிற்பார்கள்.

இவ்வளவும் சில வினாடிகளுக்குள் நடந்தாக வேண்டும். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் செல்லும் கப்பல் ஒரு வினாடியில் ஏறக்குறைய 34 அடி நகர்ந்துவிடும். குண்டு கப்பல் இருக்கும் தூரத்தை எட்டுவதற்குச் சில வினாடிகள் பிடிக்கும். கப்பல் இப்போது இருக்கும் இடத்தைக் குறி வைத்தால், குண்டு வெறுங் கடலில் விழும். ஓடும் மீன் கூட்டத்துக்கு முன்னால் வலையை வீசும் காசிமேட்டு வலைஞருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதன்று. கணக்கிடுபவர் ஒருவர் தாமதித்தாலும், குண்டு இடுபவர் ஒருவர் தடுமாறினாலும், மற்றவர் உழைப்பு அத்தனையும் வீண். ஆகையால்தான் பீரங்கிப் படையில் வீரத்தைக் காட்டிலும் பழக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

பெரிய அமைப்பில் பல பேட்டரிகள் சேர்ந்து ஒரு ரெஜிமெண்டு ஆகும். இந்தியச் சேனையின் வயற்பீரங்கி ரெஜிமெண்டில் வழக்கமாக மூன்று பேட்டரிகளும், பேட்டரி ஒன்றுக்கு ஆறாகப் பதினெட்டுப் பீரங்கிகளும் இருக்கும். ஆனால் எவ்வளவு பெரிய ரெஜிமெண்டாயினும் அதன் பலம் ஒரு பீரங்கியைச் சுற்றி நிற்கும் அந்தச் சிறு குழுவின் பழக்கத்தில்தான் இருக்கிறது.

எம்டன் வந்த இரவு

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐரோப்பிய யுத்தம் மூண்டது. எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் தனியாகவே வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். அதில் பத்துப் பீரங்கிகள் இருந்தன. புகைபோக்கி மூன்றே உள்ள அக்கப்பல், நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு ஆங்கிலக் கப்பல் போலத் தோற்றம் அளித்தது. செப்டம்பர் 10 முதல் வியாபாரக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும் வந்தது.

இச்செய்தி கரைக்கு எட்டாமல் இல்லை. ஆயினும் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னையில் கலங்கரை விளக்கம் எரிந்துகொண்டிருந்தது; ஊர் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. இரவு 9½ மணி அளவில் எம்டன் கரைக்குச் சுமார் 3,000 கஜ தூரத்தில் வந்து, தன் தேடு விளக்கைப் போட்டு, துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறி வைத்துச் சுட்டது. தொட்டிகள் இரண்டு தீப்பற்றி எரிந்தன. சுமார் மூன்றரை லட்சம் காலன் எண்ணெய் நாசமாயிற்று. துறைமுகத்தில் நின்ற வியாபாரக் கப்பலிலும் குண்டுகள் விழுந்து மனிதர் உயிரிழந்தனர். எம்டன் சுட்ட குண்டுகள் 125-க்குக் குறையாது. அரைமணி நேரத்துக்குள் அது விளக்கை அணைத்துவிட்டு இருளில் மறைந்தது.

கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன. எம்டனுக்கு ஊறு எதுவும் நேரவில்லை.

மறுநாள் முதல் ஜனங்கள் பல்லாயிரக்கணக்கில் மூட்டை முடிச்சுகளோடு ஊரை விட்டு வெளியேறினார்கள். ரயில் நிலையங்களில் கூட்டம் நெருங்கியது, கடைகள் மூடப்பட்டன. எம்டன் 1914 நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளண்டை ஆஸ்திரேலியக் கப்பலாகிய சிட்னியால் நொறுக்கப்பட்டது. ஆனால் அதன் பெயர் தமிழில் தங்கிவிட்டது. யாருக்கும் அகப்படாத சாமர்த்தியசாலியை இன்றும் "எம்டன்" என்கிறார்கள். உயர் நீதிமன்றத்தின் மதிற்சுவரில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டும் இருக்கிறது.

அன்றிரவு சென்னையில் பீரங்கி இல்லாமல் இல்லை. தொண்டர் பீரங்கிப் படை தோன்றி முப்பத்தைந்து வருஷங்கள் ஆகியிருந்தன. குறைவாயிருந்தது முன்னெச்சரிக்கையே. அபாயம் கடலில் உலாவுகிறது என்று தெரிந்தும் விளக்கை அணைக்க ஒருவரும் ஏற்பாடு செய்யவில்லை. ஜனங்களுக்கு என்ன செய்வதென்று சொல்லிவைக்கவும் இல்லை. பீரங்கியை வாங்குவது பணத்தால் ஆகும்; விளக்கை அணைப்பதற்குப் பணமே வேண்டியதில்லை. அதுதான் நடக்கவில்லை.

யார் அங்கத்தினர்?

மற்றொரு குறை இன்னும் பெரியது. எண்ணெய்த் தொட்டி எரிந்தபோது அதன் வெளிச்சம் விழுந்த வீடுகள் இராயபுரத்து மீனவர்களுடையவை, துறைமுகக் கூலிகளுடையவை. கடலில் எந்தப் புகை எந்தக் கப்பலுடையது என்று கரையிலிருந்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஆனால் தொண்டர் படையின் கதவு அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமே அது உரியதாக வைக்கப்பட்டிருந்தது. இராயபுரத்திலும் பெரம்பூரிலும் வசித்த ரயில்வே ஆங்கிலோ இந்தியர் தொண்டர் படைகளில் சேரலாம். அடுத்த தெருவில் வசித்த தமிழர் சேர முடியாது.

இது சரியன்று என்று அந்நாளிலேயே சொன்னவர்கள் உண்டு. 1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தையப்ஜியின் தலைமையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபை, இந்தியர்களையும் தொண்டர் படையில் சேர்க்க வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. சர்க்கார் அதற்கு இணங்கவில்லை. அப்போது இணங்கியிருந்தால் 1914-க்குள் ஒரு தலைமுறைக்கே பயிற்சி கிடைத்திருக்கும்.

யுத்தத்தின் நெருக்கடியால் 1917-இல் தொண்டர் படைகள் இந்தியப் பாதுகாப்புப் படையாக மாற்றப்பட்டன. 1920-இல் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்றால் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரிய துணைப் படை ஏற்பட்டது. பழைய பீரங்கித் தொண்டர்கள் அதில் சேர்ந்தார்கள். மற்றொன்றால் இந்தியருக்கு உரிய டெரிடோரியல் படை ஏற்பட்டது; அது பெரும்பாலும் காலாட்படையே. ஒரே ஊரைக் காக்க இரண்டு படை, இரண்டு சட்டம்.

நிரந்தரச் சேனையில் இந்தியரின் முதல் வயற்பீரங்கிப் படை 1935 ஜனவரி 15-ஆம் தேதி பெங்களூரில் அமைந்தது. சேலம் ஜில்லாவைச் சேர்ந்த டாக்டர் சுப்பராயனின் குமாரர் பி. பி. குமாரமங்கலம் இங்கிலாந்தில் வுல்விச் பள்ளியில் பயின்று பீரங்கிப் படை அதிகாரியானார். அவரே 1966 முதல் 1969 வரையில் இந்தியத் தரைப்படை முழுமைக்கும் தலைவராக விளங்கினார். பீரங்கியைத் தொடவே தகுதியற்றவர் என்று விலக்கப்பட்ட ஜனங்களிடையே அந்தத் தகுதி இல்லாமற்போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

இதனிடையே 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. கொழும்பும் திருகோணமலையும் தாக்கப்பட்டன. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் சர்க்கார் ஆபீஸ்கள் பல உள்நாட்டுக்கு மாற்றப்பட்டன. ஜனங்கள் மறுபடியும் மூட்டை கட்டினார்கள். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று துறைமுகப் பக்கத்தில் குண்டு வீசிச் சென்றது. 1914-இல் ஓடியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 1942-இல் ஓடினார்கள். காவலில் பங்கு பெறாத ஜனங்களுக்கு ஓடுவதைத் தவிர வேறு பழக்கம் எங்கிருந்து வரும்?

பிரதேச சேனை

சுதந்திரத்துடன் 1947-இல் துணைப் படை கலைக்கப்பட்டது. 1948-இல் பிரதேச சேனைச் சட்டம் நிறைவேறியது. 1949 அக்டோபர் 9-ஆம் தேதி கவர்னர் ஜெனரல் ராஜாஜி அச்சேனையைத் தொடங்கி வைத்தார். சாதியோ நிறமோ பாராமல், வேறு தொழிலில் இருக்கும் பிரஜைகள் இதில் சேரலாம் என்று ஏற்பட்டது. நகரத்தாருக்கு வார விடுமுறைகளில் பயிற்சியும் வருஷ முகாமும். கிராமத்தாருக்கு வேலை ஓய்ந்த காலத்தில் தொடர்ச்சியான முகாம். உழவர் அறுவடையைக் கெடுத்துக்கொள்ளாமல் பழகுவதற்கு ஏற்ற முறை இது.

ஆரம்பத்தில் இச்சேனையில் நடுத்தரப் பீரங்கி ரெஜிமெண்டுகளும், விமான எதிர்ப்புப் பீரங்கிகளும், கடற்கரைப் பேட்டரிகளும் இருந்தன. 1965, 1971 யுத்தங்களில் பிரதேச சேனைப் பிரிவுகள் அழைக்கப்பட்டுச் சேவை செய்தன. 1972-க்குள் அதன் பீரங்கிப் பிரிவுகள் நிரந்தரச் சேனையில் சேர்க்கப்பட்டும் கலைக்கப்பட்டும் போயின. காலாட்படைப் பட்டாளங்கள் நிலைத்தன. கோயம்புத்தூரிலுள்ள 110-ஆம் பட்டாளம் அவற்றுள் ஒன்று. இவற்றோடு ரயில்வே, எண்ணெய் முதலிய துறைகளின் ஊழியர்களைக் கொண்ட பிரிவுகளும் அமைந்தன. நெருக்கடி வந்தால் எண்ணெய்த் தொழிலை நிறுத்தாமல் நடத்துவதற்கு, அத்தொழில் தெரிந்தவர்களே சிப்பாய்களாகப் பழக்கப்படுகிறார்கள். 1914-இல் எண்ணெய்த் தொட்டி ஒரு கூட்டத்தாருடையது, காவல் மற்றொரு கூட்டத்தாருடையது என்றிருந்த நிலைக்கு இது நேர் எதிரானது.

சங்கங்களுக்கு உரிய படிப்பினை

இந்த வரலாறு கூட்டுறவு சங்கத்துக்கு எவ்விதத்தில் பொருந்தும் என்று கேட்கலாம். தொண்டர் படை தோன்றி இருபத்தைந்து வருஷங்களுக்குப் பின், 1904 ஆகஸ்டு 30-ஆம் தேதி, அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுள் ஒன்று பதிவாயிற்று. இங்கிருந்து அது வெகு தூரமன்று. அங்கத்தினருக்கு லாபத்தைப் பங்கிடுமுன் நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கையாவது ரிசர்வு நிதிக்கு எடுத்து வைக்க வேண்டுமென 1912-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. ரிசர்வு நிதி என்பதும் ரிசர்வுப் படை என்பதும் ஒரே சொல்லால் வழங்குவது தற்செயல் அன்று. இரண்டும் நல்ல நாளில் எடுத்து வைத்துக் கெட்ட நாளில் உபயோகிப்பவை.

ஆனால் நிதி மட்டும் காப்பாகாது. இப்பகுதிக்கு 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. வலைகளும் படகுகளும் கருத்துப்போயின; பல நாட்கள் தொழில் நின்றது. அந்த எண்ணெயை அள்ளி எடுத்தவர்களில் மீனவர்களே முன்னணியில் இருந்தார்கள். சிலர் கையில் கிடைத்த வாளியாலும் குவளையாலும் அள்ளினார்கள். அபாயம் வரும்போது முதலில் அங்கே நிற்பவர் அண்டையில் வசிப்பவரே. அவருக்குப் பயிற்சி இருந்தாலும் அவர்தான் நிற்பார். இல்லாவிட்டாலும் அவர்தான் நிற்பார். பயிற்சியும் சாதனமும் முன்கூட்டியே அவர் கையில் இருந்தனவா என்பதே கேள்வி.

ஆகவே ஒவ்வொரு சங்கத்தின் பஞ்சாயத்தாரும் மகாசபைக் கூட்டத்துக்கு முன் நான்கு விஷயங்களைப் பார்ப்பது நலம்.

முதலாவது, அங்கத்தினர் ஜாபிதாவில் உள்ள பெயர்களில் எத்தனை பேர் கூட்டத்துக்கு வருகிறார்கள், எத்தனை பேர் கணக்கைப் பார்க்கத் தெரிந்தவர்கள் என்பது. பெயரை எண்ணாமல் தகுதி பெற்றவரை எண்ணிய பழைய படையின் வழக்கம் இதற்கு ஏற்றது.

இரண்டாவது, காரியதரிசி ஒருவர் படுக்கையில் விழுந்தால் அவர் வேலையைச் செய்ய மற்றொருவர் பழகியிருக்கிறாரா என்பது. பீரங்கியண்டை நிற்பவர் ஒருவர் விழுந்தால் அடுத்தவர் அந்த இடத்தில் நின்றாக வேண்டும்; சங்கத்திலும் அப்படியே.

மூன்றாவது, புயலோ வெள்ளமோ வந்தால் பதிவுப் புத்தகங்களை யார் எங்கே எடுத்துச் செல்வது, படகுகளை யார் கட்டுவது, வயோதிகரையும் குழந்தைகளையும் யார் அழைத்துச் செல்வது என்று முன்கூட்டியே எழுதி, வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்த்திருக்கிறார்களா என்பது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. விளக்கை அணைப்பது போன்ற வேலைதான்.

நான்காவதே முக்கியமானது. சங்கத்தில் சேரத் தகுதியிருந்தும் வெளியே நிறுத்தப்பட்டவர் எவரேனும் ஊரில் உண்டா என்பது. ஒரு தெருவாருக்கு மட்டும் திறந்து, மற்றத் தெருவாருக்கு மூடியிருக்கும் சங்கம், பீரங்கி வைத்திருந்தும் பாதி ஊரைக் காவலுக்கு அழைக்காத பழைய சென்னையைப் போன்றது. நஷ்டம் வரும்போது அது தெருப் பார்த்து வருவதில்லை.

கிளைவ் பேட்டரியில் இன்று பீரங்கி இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கடலைக் காக்க வேறு படைகள் உண்டு. ஆனால் தன் கிராமத்தையும் தன் தொழிலையும் காக்கும் காவல் எந்தச் சர்க்காராலும் முழுவதும் செய்து முடிக்கக்கூடியதன்று. அது ஊராரின் ஓய்வு நேரத்தில், ஊராரின் கையால், ஊரார் அனைவரையும் சேர்த்துக்கொண்டு நடைபெற வேண்டியது. அதற்கு ஏற்ற அணிவகுப்பு மைதானம் ஏற்கெனவே ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறது. கூட்டுறவு சங்கம் என்பது அதன் பெயர். அடுத்த மகாசபைக் கூட்டத்துக்கு ஒருவர் தவறாமல் எல்லோரும் வந்து சேர்வதே முதல் அணிவகுப்பாகும்.